மூன்றாம் பிரிவில் மாமாவின் முந்திரித் தோப்பு

இயேசு மரி சூசை துணை

நெய்வேலி,
ஞாயிறு இரவு

மாமா, இதை யாருக்கும் காட்டாதீர்கள். அத்தைக்கும் வேண்டாம். அத்தைக்குக் காட்டினால் கோயில் பாடற்குழுவுக்குக் காட்டியதுபோல. பாடற்குழுவுக்குக் காட்டினால் பண்ருட்டிக்கே காட்டியதுபோல. படித்து முடித்ததும் கிழித்து, முந்திரிக்கொட்டை வறுக்கிற அடுப்பில் போட்டுவிடுங்கள். சாம்பலையும் ஒருமுறை கிளறிவிடுங்கள்.

அன்பும் மரியாதையும் மிக்க செபாஸ்டின் மாமா அவர்களுக்கு, உங்கள் தங்கை அன்னமேரியின் மகள் நித்யா பணிவுடன் எழுதிக்கொள்வது. நீங்களும் அத்தையும் ஜெரால்டு அத்தானும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். அடுத்த வரியில் ‘இங்கு நாங்கள் அனைவரும் சுகம்’ என்று எழுத வேண்டும் என்று தமிழ் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எழுதினால் பொய்யாகும். ஏற்கெனவே நான் எழுதிய ஒரு தாளை ஊரே நம்பிக்கொண்டிருப்பதால், இன்னொரு பொய் எழுதக் கை வரவில்லை.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளை காலை பத்திர ஆபீசுக்குப் போகாதீர்கள் மாமா. தோப்பை விற்காதீர்கள். உங்கள் தோப்புக்கு நிலக்கரி மைன்ஸ் வரவில்லை. இங்கே பஸ் ஸ்டாப் எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும் மசோதா தில்லியிலிருந்து வந்ததல்ல. அதை எழுதியது நான்தான். பதினோராம் வகுப்பு ‘பி’ பிரிவு நித்யா.

நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் நம்புவீர்கள். எங்கள் பள்ளியில் வருடா வருடம் இளைஞர் நாடாளுமன்றம் நடத்துவார்கள். பிரதமர், சபாநாயகர், எதிர்க்கட்சி எல்லாம் மாணவர்கள்தான். எனக்குக் கொடுத்திருந்தது ஆளுங்கட்சியின் கடைசி வரிசையில் உட்கார்ந்து மேஜையைத் தட்டுகிற வேலை. அதை நான் நன்றாகவே செய்துகொண்டிருந்தேன். போன செவ்வாய்க்கிழமை, எரிசக்தித் துறை அமைச்சராக இருந்த பிளஸ் டூ அக்காவுக்கு அம்மை போட்டுவிட்டது. சமூக அறிவியல் செங்கமலம் மிஸ் வகுப்பை ஒருமுறை பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நித்யா, நீதான் அமைச்சர். வெள்ளிக்கிழமை மசோதா தாக்கல் பண்ணணும்.”

“எனக்கு மேஜை தட்டத்தான் மிஸ் தெரியும்.”

“அமைச்சர் ஆனவங்க பாதிப் பேர் அங்கேருந்துதான் வந்தாங்க. எழுந்து நில்லு.”

மசோதாவுக்கு என்ன பொருள் என்று கேட்டேன். மிஸ் ஓர் ஆங்கிலச் செய்தித்தாளின் கிழிந்த துண்டைக் கொடுத்து, அதன் ஓரத்தில் தமிழில் மூன்று வரி எழுதினார். வரியைக் குறைத்தல். கட்டுப்பாடுகளை நீக்குதல். உள்நாட்டில் எரிசக்தி உற்பத்தியைப் பெருக்குதல். துண்டில் நாட்டின் பெயர் இருந்த இடம் கிழிந்து போயிருந்தது. பின்பக்கம் குக்கர் விளம்பரம். “இது எந்த நாடு மிஸ்?” என்று கேட்டேன். “எந்த நாடா இருந்தா என்ன? எல்லா நாட்லயும் இப்ப இதைத்தான் பேசிக்கிட்டு இருக்காங்க” என்றார். அப்போது ஆரம்பித்த குழப்பம் மாமா, இன்னும் தீரவில்லை.

மசோதா என்பது பார்க்க எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அரசாங்கம் மாதிரி எழுதியிருக்கும் தாள் என்றால் அப்பா பீரோவில் அடுக்கி வைத்திருக்கும் சர்குலர்கள்தான். இங்கே சர்குலர் இல்லாமல் எதுவும் நடக்காது. தண்ணீர் வராது என்பதற்கு ஒரு சர்குலர், வந்துவிட்டது என்பதற்கு ஒரு சர்குலர். மேலே எண், தேதி, அப்புறம் ‘பொருள்’, அப்புறம் ‘பார்வை’, கடைசியில் ‘நகல்’ என்று ஒரு பட்டியல். அப்பா எப்போதும் அந்தப் பட்டியலைத்தான் முதலில் படிப்பார். “நகல் போட்டிருந்தா அது உண்மை. போடாதது வெறும் வாய்ப்பேச்சு” என்பார். அப்பா மட்டுமல்ல, இந்த டவுன்ஷிப்பில் எல்லாரும் அப்படித்தான். அதனால் நானும் என் மசோதாவுக்கு எண் போட்டேன், தேதி போட்டேன், கடைசியில் பழைய சர்குலரைப் பார்த்து ‘நகல்: அனைத்து அறிவிப்புப் பலகைகள், அனைத்துப் பேருந்து நிறுத்தங்கள், கோப்பு’ என்று எழுதினேன். அழகாக இருந்தது.

உள்ளே மூன்று பிரிவு. முதல் பிரிவில் வருமான வரி பாதியாகக் குறைக்கப்படும் என்று எழுதினேன். எதற்கும் இருக்கட்டும் என்று, மீதிப் பாதி அடுத்த ஆண்டு குறைக்கப்படும் என்றும் சேர்த்தேன். இரண்டாவது பிரிவில் விதிகளை நீக்க வேண்டும். எனக்குத் தெரிந்த விதிகள் எல்லாம் குவார்ட்டர்ஸ் விதிகள்தான். ஆகவே குவார்ட்டர்ஸில் மாடு வளர்க்கக் கூடாது, கொட்டகை போடக் கூடாது, அனுமதியில்லாமல் மரக்கிளை வெட்டக் கூடாது என்பதையெல்லாம் நீக்கிவிட்டேன். மூன்றாவது பிரிவில் சுரங்கத்தை எங்கெங்கே விரிவாக்கப் போகிறோம் என்று இடங்களின் பெயர் எழுத வேண்டும். முதலில் எங்கள் பிளாக்கை எழுதினேன். அடுத்து, பி.டி. பீரியடில் எனக்கு ஓட வராது என்பதால் பள்ளி மைதானத்தை எழுதினேன். மூன்றாவதாகப் பெரிய இடம் ஒன்று வேண்டும் என்று கண்ணை மூடினேன். நடந்துகொண்டே இருந்தாலும் முடியாத இடம் எனக்குத் தெரிந்து உங்கள் தோப்புதான் மாமா. ‘காடாம்புலியூர் முந்திரித் தோப்புகள்’ என்று எழுதிவிட்டேன். வேறு எந்தக் காரணமும் இல்லை. உங்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் சசிகுமார் அண்ணன் ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கக் கொடுத்தேன். அவர் அடித்து முடித்து, “ரெண்டு வரி அடுத்த பக்கத்துக்குப் போவுது பாப்பா. மேல ஏதோ ஸ்கூல், நாடாளுமன்றம்னு இருந்திச்சே, அதை எடுத்துட்டேன். இப்ப ஒரே பக்கத்துல கச்சிதமா வந்திடுச்சு பாரு” என்றார். நான் பார்த்தேன். கச்சிதமாகத்தான் இருந்தது. எடுத்த இரண்டு வரி ‘பள்ளி இளைஞர் நாடாளுமன்றம், மாதிரி மசோதா’ என்பதுதான். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

“எத்தனை காப்பி?” என்று கேட்டார்.

“எத்தனை வேணுமோ அத்தனை போடுங்கண்ணே. மிஸ் கேப்பாங்க.”

அவர் தாளின் கடைசியைப் பார்த்தார். அனைத்துப் பேருந்து நிறுத்தங்கள் என்று நகல் போட்டிருந்தது. அவருக்கு அது போதும். எனக்கு ஐந்து காப்பி கொடுத்துவிட்டு மீதியைப் பசை வாளியோடு வரும் ஆளிடம் கொடுத்திருக்கிறார். கபடிப் போட்டி, கண் சிகிச்சை முகாம், காணாமல் போன நாய் என்று ஒட்டிக்கொண்டு போகிற அந்த ஆள் வியாழக்கிழமை விடிவதற்குள் என் மசோதாவை ஊர் முழுக்க ஒட்டிவிட்டார். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை மாமா. தாளே உத்தரவு போட்டது, எல்லாரும் கீழ்ப்படிந்தார்கள்.

வியாழக்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா கையில் பால்கோவா. “அன்னமேரி! வரி பாதி! அடுத்த வருஷம் மீதியும் கெடயாது!” என்று வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். எங்கள் பஸ் ஸ்டாப்பில் தாளின் கீழ்ப்பாதி மேல் யாரோ பரதநாட்டிய வகுப்பு நோட்டீசை ஒட்டிவிட்டதால் அப்பாவுக்கு முதல் பிரிவு மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறது. அக்கம்பக்கத்துக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தார். மறுநாள் காலை பரதநாட்டியம் உரிந்து விழுந்தது. அப்பா மூன்றாம் பிரிவைப் படித்தார். முந்தின நாள் பால்கோவா சாப்பிட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் திரும்பப் போய், “சந்தோஷப்படாதீங்க, பிளாக்கே போவுது” என்று சொல்லிவிட்டு வந்தார்.

பக்கத்து வீட்டு விஜயகுமாரி அக்கா மூன்றாம் பிரிவைப் பார்க்கவே இல்லை. அவர் இரண்டாம் பிரிவோடு நின்றுவிட்டார். வெள்ளிக்கிழமை காலை நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அவர் வீட்டு ஸ்கூட்டர் கொட்டகையில் ஒரு கறவை மாடு நின்றது.

“என்னா விஜயா, மாடு?” என்று அம்மா கேட்டார்.

“ரூலையே எடுத்துட்டாங்கக்கா, இனிமே எவன் வந்து கேப்பான்? இத்தினி வருஷமா பாக்கெட் பாலு வாங்கி வயிறு கெட்டதுதான் மிச்சம்.”

“பிளாக்கையே தோண்டப் போறாங்களாம், நீ மாட்ட வாங்கிகினு வந்து நிக்கிற?”

“தோண்டறப்ப மாட்ட ஓட்டிகினு போய்டலாம். வூட்ட ஓட்டிகினு போவ முடியுமா?”

அந்த மாடு எங்கள் கேட்டில் ஒட்டியிருந்த காப்பியைத் தின்றுவிட்டது. இந்த விஷயத்தில் எனக்கு உதவி செய்த ஒரே ஜீவன் அதுதான்.

அன்றைக்கே பள்ளியில் சபை கூடியது. நான் என் மசோதாவைத் தாக்கல் செய்தேன். எதிர்க்கட்சித் தலைவர் என் தோழி ஆசிஃபா. எழுதிக் கொடுத்த கேள்வியை விட்டுவிட்டு அவளாக ஒன்று கேட்டாள். “மாண்புமிகு அமைச்சர் அவர்களே, வரியைக் குறைக்கிறீங்க, ரூலைக் குறைக்கிறீங்க, நெலத்தையும் குறைக்கிறீங்க. தோண்டற எடத்துல குடியிருக்கறவங்களுக்கு இதுல கூடறது என்ன?” பதில் தெரியாவிட்டால் சொல்ல வேண்டியதை மிஸ் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார். “இது குறித்து ஆராய ஒரு குழு அமைக்கப்படும்” என்றேன். ஆளுங்கட்சி மேஜையைத் தட்டியது. எதிர்க்கட்சி வெளிநடப்புச் செய்தது. செய்தவர்கள் திரும்பி வந்து வாக்களிக்க வேண்டும் என்பதை மறந்து கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். மசோதா ஏகமனதாக நிறைவேறிவிட்டது மாமா.

சபை முடிந்ததும் செங்கமலம் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பாராட்டப் போகிறார் என்று போனேன்.

“உன்கிட்டேருந்து இதை எதிர்பார்க்கல நித்யா. பஸ் ஸ்டாப்ல ஒட்டியிருக்கற கவர்ன்மென்ட் மசோதாவ அப்படியே காப்பி அடிச்சிருக்கே.”

“மிஸ், அது நான் எழுதினது மிஸ்.”

“ஒரு வார்த்தை மாறல. ஸ்கூல் கிரவுண்டுகூட இருக்கு. கவர்ன்மென்ட் உன்னைப் பார்த்து எழுதிச்சா?”

என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் திமிர் என்பார்கள். காப்பி அடித்ததற்காக ஐந்து மதிப்பெண் குறைத்துவிட்டார். உண்மையைச் சொல்லக்கூடிய பெரியவர் அவர் ஒருவர்தான் என்று நினைத்திருந்தேன். அவரே என் தாளைப் பார்த்து, அதுதான் அசல், நான் நகல் என்றால் நான் யாரிடம் போவேன்? அங்கிருந்து நேரே சசிகுமார் அண்ணன் கடைக்கு ஓடினேன். கடையில் நான்கு பேர் நின்று அதே மசோதாவுக்கு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் போனதும், “அண்ணே, இது நான் டைப் அடிக்கக் கொடுத்ததுதானே?” என்று கேட்டேன்.

அவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, “பாப்பா, நீயும் என் கடைக்கு வரல, நானும் ஒண்ணும் அடிக்கல. வதந்தி பரப்புனா புடிச்சி உள்ள போடுவாங்களாம். கம்ப்யூட்டர்லேருந்தே அழிச்சிட்டேன். வூட்டுக்குப் போம்மா” என்றார்.

அதிலிருந்து எனக்கு இந்தப் பயம். பதினோராம் வகுப்பு படிக்கிறவர்களைக் கடலூர் ஜெயிலில் வைப்பார்களா, அங்கிருந்து அரையாண்டுத் தேர்வு எழுத விடுவார்களா என்று ஆசிஃபாவைக் கேட்டேன். அவள், “நீ அமைச்சர் பதவியை ராஜினாமா பண்ணிடு, மசோதா தானா போய்டும்” என்றாள். ராஜினாமா எழுதி மிஸ்ஸிடம் கொடுத்தேன். சபைதான் கலைந்துவிட்டதே, இனி ராஜினாமா செய்ய முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்பாவிடமாவது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லத்தான் நினைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி அருகில் எங்கள் பிளாக் ஆட்கள் எல்லாம் கூட்டம் போட்டார்கள். அப்பா இருபத்திரண்டு வருடமாக மைன்ஸில் நிலக்கரி போகிற கன்வேயர் பெல்ட் பார்க்கிறவர். கூட்டங்களுக்குப் போவார், கடைசியில் நிற்பார், கை தட்டுவார், வந்துவிடுவார். அன்றைக்கு மசோதாவை முழுதாகப் படித்தவர் யார் என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு தடவையாகப் படித்தாலும் முழுதாகப் படித்தவர் அப்பாதான். பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏற்றி மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். நானும் அம்மாவும் பால் பூத் பக்கம் நின்று கேட்டோம்.

“இதுல ஒவ்வொரு வரியும் மாசக்கணக்கா உட்கார்ந்து யோசிச்ச சூழ்ச்சி! முதல் பிரிவுல இனிப்பக் குடுக்கறான், மூணாம் பிரிவுல குழியத் தோண்டறான்! ஸ்கூல் கிரவுண்ட ஏன் போட்டான்? நம்ம புள்ளைங்க ஓடியாடி வளரக் கூடாதுன்னு போட்டான்! இதை எழுதினவன் லேசுப்பட்ட ஆள் இல்ல. வெளிநாட்டுல படிச்சவன்!”

கைதட்டல் அடங்கவே இல்லை. அப்பா என்னைப் பற்றி இவ்வளவு உயர்வாகப் பேசி நான் கேட்டதில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் உடனே, “அவன் மட்டும் என் கையில கெடச்சான், பெல்ட்டுல ஏத்தி நேரா பாய்லருக்கு அனுப்பிருவேன்!” என்றார். அதற்கு இன்னும் அதிகக் கைதட்டல். அப்பாவுக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்தும் அவர் அதைக் கழற்றவில்லை. துண்டோடு சாப்பிட்டார். இந்த நிலைமையில் போய், அப்பா அதை எழுதியது நான், மைதானத்தைப் போட்டது எனக்கு ஓட வராததால் என்று எப்படிச் சொல்வேன்? அவரை ஊரே சிரிக்கும். அடுத்த கூட்டத்தில் அவர் மறுபடி கடைசியில் போய் நிற்க வேண்டும்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. இரண்டு நாளாக டிவியில் நான்கு பேர் உட்கார்ந்து வரியைக் குறைக்கலாமா, விதிகளைத் தளர்த்தலாமா, நிலக்கரியைக் கூட்டலாமா என்று கத்துகிறார்கள். அவர்கள் பேசுவது எங்கேயோ நிஜமாகவே வரப்போகிற மசோதாவைப் பற்றியா, என்னுடையதைப் பற்றியா என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவர் சொல்வதைக் கேட்டால் வரியைக் குறைத்தால் எல்லாரும் பிழைப்பார்கள் போலிருக்கிறது. அடுத்தவர் சொல்வதைக் கேட்டால் எல்லாரும் தொலைந்தோம் போலிருக்கிறது. இருவரும் சொல்வது சரி என்றே எனக்குப் படுகிறது. அமைச்சராக இருந்துமே எனக்கு இது புரியவில்லை மாமா. நேற்று என் தாளை நானே எடுத்து ஒருமுறை படித்தேன். உண்மை மாதிரிதான் இருந்தது. ஒருவேளை மிஸ் சொல்வதுபோல நான் எங்கிருந்தோ காப்பிதான் அடித்தேனோ என்று கொஞ்ச நேரம் நானே நம்பிவிட்டேன்.

இது இப்படியே போய், கூட்டம் நடந்து, தானாக அடங்கிவிடும் என்று இருந்தேன். இன்று பூசை முடிந்து வந்து அம்மா கறி அரிந்துகொண்டிருந்தபோது உங்கள் போன் வந்தது. நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

“ஆமாண்ணே... நாளைக்குப் பத்து மணியா... பண்ருட்டி பத்திர ஆபீசுலியா... தோப்பு போவுதுன்னு நெனச்சாலே மனசே ஆறலண்ணே... சரி, நீ சொன்னா சரிதான்.”

போனை வைத்துவிட்டு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் என்னிடம் இருந்தது, அழுதது அம்மா. அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. மைன்ஸ் வருகிறது என்று பயந்து, அதற்கு முன் வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று நீங்கள் தோப்பை விற்கப் போகிறீர்கள். நம் பக்கத்தில் மைன்ஸ் வருகிறது என்று சொன்னால் நம்பாதவர் யார்? எத்தனை ஊர் போனதைப் பார்த்திருக்கிறீர்கள். அந்தப் பயம் உண்மை மாமா. இந்தத் தாள் மட்டும் பொய். வேறு எந்தத் தாள் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. இந்தத் தாளுக்காக நீங்கள் ஒரு கையெழுத்தும் போட வேண்டாம். அமைச்சர் என்ற முறையில் சொல்கிறேன், காடாம்புலியூருக்கு இப்போதைக்கு ஒன்றும் வராது.

போனில் சொல்லலாம் என்றால், அம்மா போனும் அப்பா போனும் அப்பாவின் சட்டைப்பையில்தான் இருக்கின்றன. பிளாக் பிளாக்காகப் பேசிக்கொண்டே இருக்கிறார். அதனால் இந்தக் கடிதத்தை விஜயகுமாரி அக்காவின் வீட்டுக்காரர் பெரியண்ணன் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் நைட் ஷிஃப்ட் முடித்து விடியற்காலையில் பைக்கில் உங்கள் ஊருக்குத்தான் வருகிறார். மாட்டுக்கு வைக்கோல் வாங்க. அந்த மாடும் என்னால்தான் வந்தது என்பதால் அவருக்கும் விஷயம் தெரியக் கூடாது. ‘இயற்பியல் வினாத்தாள்’ என்று மேலே எழுதி ஒட்டிக் கொடுக்கிறேன். வாங்கியதும் பிரித்துப் படித்துவிடுங்கள். பத்து மணி ஆகிவிட்டால் நான் இத்தனை பயத்தோடு எழுதியது வீண்.

ஆண்டவர் உங்கள் வீட்டையும் தோப்பையும் அதிலுள்ள மரம், பூ, பிஞ்சு அனைத்தையும் காப்பாராக. அத்தைக்கு என் தோத்திரம், ஏன் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஜெரால்டு அத்தானைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
பயந்துபோய் இருக்கும் உங்கள் தங்கை மகள்,
நித்யா
(முன்னாள் எரிசக்தித் துறை அமைச்சர்)

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதிய எதையும் நம்பாதீர்கள். கடிதத்தை மடித்து வேதியியல் ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். ஹாலில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். தோப்பில் பாதி அம்மாவின் பங்கு என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்.

அப்பா சொன்னார்: “மைன்ஸ் எடுத்தா பணம் எப்ப கைக்கு வரும்னு யாருக்குத் தெரியும்? அதுக்குள்ள உன் பங்க உங்கண்ணன் தலையில கட்டிட்டோம், நிம்மதி. பாவம், அந்த மனுஷனுக்கு நோட்டீஸ் விஷயமே தெரியல போல.”

“எங்கண்ணனுக்கா தெரியாது? போட்டோ புடிச்சி வச்சிகினு ஊரு பூரா காட்டிகினு இருக்காரு. மைன்ஸுக்கு நெலம் குடுத்தா வூட்டுக்கு ஒரு வேலை குடுப்பாங்களாம். எம்பங்கையும் சேத்து வாங்கிட்டா ஜெரால்டுக்கு பர்மனென்ட் நிச்சயமாம். அண்ணி வளையலக் கழட்டி வச்சித்தான் வாங்கறாரு.”

“அப்ப ஏமாந்தது யாரு? நாமளா?”

“எனக்கின்னா தெரியும்? அதை எழுதினவன் கெடச்சா அவனத்தான் கேக்கணும்.”

நான் தண்ணீர் குடிக்காமலே வந்துவிட்டேன். ஆகவே மாமா, மேலே ‘விற்காதீர்கள்’ என்று எழுதியிருக்கிற இடங்களில் எல்லாம் ‘வாங்காதீர்கள்’ என்று திருத்திப் படிக்கவும். நீங்கள் பயப்படவே இல்லை. பயந்தது அப்பா. நீங்கள் ஆசைப்பட்டீர்கள். இரண்டுக்கும் நான் எழுதிய அதே மூன்றாம் பிரிவுதான் காரணம். அப்பா உங்களை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு விற்கிறார். நீங்கள் அப்பாவை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு வாங்குகிறீர்கள். இதில் அம்மாவுக்குத் தோப்பு போகிறது, அத்தைக்கு வளையல் போகிறது, ஜெரால்டு அத்தானுக்கு வேலையும் வரப்போவதில்லை. வேலை கொடுப்பதைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை மாமா! எழுதியிருக்கலாம், அடுத்த பக்கம் முழுக்க இடம் இருந்தது. எனக்குத் தோன்றவில்லை.

இப்போது வாசல் கேட் திறக்கும் சத்தம். யாரோ, “மாப்ள! அன்னமேரி! தொறங்க!” என்கிறார்கள். மாமா, அது உங்கள் குரல். “காலையில பஸ்ஸ நம்பிகினு இருக்க முடியாதுன்னு ராத்திரியே பொறப்ட்டு வந்துட்டேன். பத்திரம் எழுதி எடுத்தாந்துட்டேன். பக்கத்துக்குப் பக்கம் தங்கச்சி கையெழுத்து இப்பவே போட்டு வச்சிட்டா, காலையில நேரா ஆபீசுதான்!” என்கிறீர்கள். அப்பா, “வாங்க மச்சான், வாங்க” என்று இதுவரை இல்லாத அன்போடு கூப்பிடுகிறார். இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். அம்மா சிரிக்கவில்லை. அம்மா ஏதோ தேடுகிறார். அலமாரியைத் திறந்து மூடுகிறார். “ரீஃபில் தீர்ந்து கெடக்குதுங்க, ஒண்ணுகூட எழுதல” என்கிறார்.

அப்பா என் அறைப் பக்கம் வருகிறார். கதவைத் தட்டுகிறார்.

“நித்யா, இன்னும் எழுதிக்கிட்டுதானே இருக்கே? அந்தப் பேனாவ ஒரு நிமிஷம் குடும்மா, அம்மா கையெழுத்துப் போடணும்.”

மாமா, கொடுக்க மாட்டேன். இன்னும் எழுதி முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே எழுதிக்கொண்டிருக்கிறேன், மறுபடி தட்டுகிறார், நீங்களும் கூட வந்து நின்று “பாப்பா, தொறம்மா” என்கிறீர்கள், நான் கதவைத் திற